மார்பகப் புற்றுநோய் செல்லுக்குள் வைட்டமின் ஏ என்ன செய்கிறது?

வைட்டமின் ஏ பற்றி இரண்டு விதமான செய்திகள் மாறி மாறி வருகின்றன. அதிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் மார்பகப் புற்றுநோய் செல்களின் வளர்ச்சியை நிறுத்தியது, மரபணுக்களின் போக்கை மாற்றியது என்று ஆய்வகத்திலிருந்து ஒரு செய்தி வரும். சில மாதம் கழித்து, வைட்டமின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் குறையவில்லை, சிலருக்குக் கூடவே செய்தது என்று இன்னொன்று வரும். இரண்டையும் படித்தவருக்கு யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று தோன்றினால் அதில் தவறில்லை.

ஆனால் ஆய்வகத் தட்டில் நடந்ததும் உண்மை, மனிதர்களிடம் நடந்ததும் உண்மை. நடுவில் உள்ள தூரம்தான் தலைப்புச் செய்திகளில் காணாமல் போகிறது. அந்தத் தூரத்தை அளக்க, இந்த வைட்டமின் செல்லுக்குள் போகும் வழியைக் கொஞ்சம் பொறுமையாகத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

மரபணு ‘வேலை செய்வது’ என்றால்

உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் ஒரே டிஎன்ஏதான் இருக்கிறது. அதில் புரதம் செய்வதற்கான குறிப்புகளாக சுமார் 20,000 மரபணுக்கள் உள்ளன. இருந்தும் கண்ணின் செல்லும் பால் சுரப்பியின் செல்லும் ஒன்றுபோல இல்லை. ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டிய மரபணுக்களைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடி வைத்திருப்பதுதான் காரணம். திறந்திருக்கும் மரபணுவிலிருந்து ஆர்என்ஏ என்னும் நகல் எடுக்கப்படும். அந்த நகலைப் பார்த்துப் புரதம் தயாராகும். எந்த மரபணுவிலிருந்து எவ்வளவு நகல் எடுக்கப்படுகிறது என்பதைத்தான் மரபணுச் செயல்பாடு என்கிறார்கள்.

இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘வைட்டமின் மரபணுவை மாற்றுகிறது’ என்று தலைப்பு போட்டால், டிஎன்ஏ எழுத்தே மாறிவிட்டது போலத் தொனிக்கும். அப்படி எதுவும் நடப்பதில்லை. எழுத்து அப்படியே இருக்கிறது. வாசிக்கப்படும் அளவு மட்டும் கூடுகிறது, குறைகிறது. வைட்டமினை நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

மூடி வைப்பதற்குச் செல்லிடம் இரண்டு முக்கியமான வழிகள் உண்டு. டிஎன்ஏ இழை ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றப்பட்டிருக்கிறது. அந்தச் சுற்றை இறுக்கினால் நகல் எடுக்கும் இயந்திரம் உள்ளே நுழைய முடியாது. இதைத் தளர்த்துவது சுலபம். இரண்டாவது வழி, மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்னும் சிறு வேதிக்குழுக்களை ஒட்டிவிடுவது. இது அழுத்தமான பூட்டு. செல் இரண்டாகப் பிரியும்போது பூட்டும் சேர்ந்தே நகலாகி, மகள் செல்களுக்குப் போய்விடும். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தட்டிலிருந்து செல் வரை

வைட்டமின் ஏ நமக்கு இரண்டு உருவங்களில் கிடைக்கிறது. ஈரல், முட்டை, பால் போன்றவற்றில் ரெட்டினால் என்ற தயார் நிலையில் இருக்கிறது. காய்கறி, கீரைகளில் பீட்டா கரோட்டின் என்ற நிறமியாக இருக்கிறது. அதை உடம்பு வெட்டி ரெட்டினாலாக மாற்றிக்கொள்ளும். மிஞ்சியதைக் கல்லீரல் சேமித்து வைத்து, வேண்டிய அளவை மட்டும் இரத்தத்தில் விடும். சேமிப்பு போதுமான அளவில் உள்ளவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டாலும் இரத்தத்தில் ரெட்டினால் அளவு பெரிதாக ஏறாது. கல்லீரல் அவ்வளவு கறாரான கணக்குப்பிள்ளை.

செல்லுக்குள் வந்த ரெட்டினாலை ஒரு நொதி ரெட்டினல் ஆக்குகிறது. கண்ணில் ஒளியைப் பிடிப்பது இந்த ரெட்டினல்தான். இந்தப் படியிலிருந்து பின்னால் திரும்பலாம். அடுத்த நொதி அதை ரெட்டினாயிக் அமிலம் ஆக்குகிறது; இங்கிருந்து திரும்பும் வழி கிடையாது. மரபணுக்களோடு பேசுவது இந்த ரெட்டினாயிக் அமிலம். ஆய்வகச் செய்திகளில் ‘வைட்டமின் ஏ’ என்று எழுதப்பட்டிருந்தால், பத்தில் ஒன்பது தடவை செல்களின் மேல் ஊற்றப்பட்டது இதுவாகத்தான் இருக்கும்.

வேலை முடிந்ததும் இதைச் சிதைப்பதற்கு சிஒய்பி26 என்ற நொதிக் குடும்பம் இருக்கிறது. அதில் ஒரு விசேஷம் உண்டு. அந்த நொதியைச் செய்யும் மரபணுவைத் திறப்பதே ரெட்டினாயிக் அமிலம்தான். அதாவது, தன்னை அழிக்கும் ஆளைத் தானே வேலைக்கு வைக்கிறது.

கதவில் உட்கார்ந்திருக்கும் ஜோடி

ரெட்டினாயிக் அமிலம் டிஎன்ஏவை நேராகத் தொடுவதில்லை. ஏற்பி என்ற புரதம் இடையில் இருக்கிறது. 1987 இறுதியில் ஸ்ட்ராஸ்பர்க்கில் பியர் ஷாம்போன் குழுவும், அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் ரொனால்ட் எவன்ஸ் குழுவும் தனித்தனியாக இந்த ஏற்பியைக் கண்டுபிடித்தன. எதிர்பாராத செய்தி, அது ஈஸ்ட்ரோஜன், தைராய்டு போன்ற ஹார்மோன்களின் ஏற்பிகளோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தது. உணவுச் சத்து என்று கருதப்பட்ட ஒன்று, ஹார்மோன் நடந்துகொள்ளும் விதத்தில் நடந்துகொள்கிறது என்பது அப்போதுதான் தெளிவானது.

இந்த ஏற்பிக்கு ஆர்ஏஆர் என்று பெயர். ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று வகை உண்டு. ஆர்ஏஆர் தனியாக வேலை செய்யாது. ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னொரு புரதத்தோடு ஜோடி சேர்ந்தே டிஎன்ஏவில் உட்காரும். (இதே ஆர்எக்ஸ்ஆர் வைட்டமின் டி ஏற்பிக்கும் துணை போகும், எல்லாக் கல்யாணத்துக்கும் போகிற உறவினர் மாதிரி.) உட்காரும் இடத்துக்கும் ஓர் அடையாளம் உண்டு. டிஎன்ஏவின் ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ என்ற ஆறு எழுத்து வரிசையோ அதைப் போன்ற ஒன்றோ, பெரும்பாலும் ஐந்து எழுத்து இடைவெளி விட்டு, இரண்டு முறை வரும் இடங்களை இந்த ஜோடி தேடிப் பிடிக்கும்.

அதற்கப்புறம் நடப்பது வரிசையாக இப்படி:

1. ரெட்டினாயிக் அமிலம் இல்லாதபோதும் ஜோடி சும்மா இருப்பதில்லை. அடக்கும் புரதங்களை அருகில் பிடித்து வைத்திருக்கும். அவை ஹிஸ்டோன் சுற்றை இறுக்கி மரபணுவை மூடியே வைத்திருக்கும்.

2. ரெட்டினாயிக் அமிலம் வந்து ஆர்ஏஆர் குழிக்குள் பொருந்தியதும், ஏற்பியின் ஒரு முனை மூடி போல மடிந்து அதன் வடிவமே மாறுகிறது. அடக்கும் புரதங்கள் பிடி நழுவி விலகுகின்றன.

3. காலியான இடத்தில் தூண்டும் புரதங்கள் வந்து ஒட்டுகின்றன. அவை ஹிஸ்டோன்களில் அசெட்டில் குழுக்களைச் சேர்த்துச் சுற்றைத் தளர்த்துகின்றன.

4. நகல் எடுக்கும் இயந்திரம் உள்ளே வந்து ஆர்என்ஏ எடுக்கத் தொடங்குகிறது.

முதல் படியைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். வைட்டமின் இல்லாத நிலை என்பது வெறும் அமைதி இல்லை. மரபணு பிடித்து அமுக்கப்பட்டிருக்கும் நிலை.

ஆய்வகத் தட்டில் ஒரு வாரம்

மார்பகப் புற்றுநோய் ஆய்வுகளில் அடிக்கடி வரும் பெயர் எம்சிஎஃப்-7. டெட்ராய்ட்டில் இருந்த மிச்சிகன் புற்றுநோய் அறக்கட்டளையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் அது. 1970-இல், நோய் பரவிய ஒரு பெண்ணின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுக்கப்பட்ட செல்கள், இன்று வரை உலகெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள வகை இது.

சோதனையைக் கிட்டத்தில் பார்ப்போம். ரெட்டினாயிக் அமிலம் மஞ்சள் நிறப் பொடி. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் மங்கலான விளக்கில்தான் கையாளுவார்கள். ஆல்கஹாலிலோ டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானிலோ கரைத்து, செல்கள் வளரும் இளஞ்சிவப்புத் திரவத்தில் துளியளவு சேர்ப்பார்கள். பக்கத்துத் தட்டில் வெறும் கரைப்பான் மட்டும் போகும். பின்னால் தெரியும் மாற்றம் கரைப்பானால் வந்ததா, அமிலத்தால் வந்ததா என்று பிரிக்க அது வேண்டும். வழக்கமான செறிவு 1 மைக்ரோமோலார், அதாவது ஒரு லிட்டருக்கு சுமார் 0.3 மில்லிகிராம். இந்த எண்ணுக்குத் திரும்பி வருவோம்.

சில மணி நேரத்தில் முதல் அடையாளம் தெரியும். முன்பு சொன்ன சிதைக்கும் நொதியின் ஆர்என்ஏ கிடுகிடுவென ஏறியிருக்கும். ஓரிரு நாளில், செல்லைப் பிரியத் தள்ளும் சைக்ளின் டி1 என்ற புரதம் குறையும். பிரிவதைத் தடுக்கும் பிடிஜி2 போன்ற மரபணுக்கள் ஏறும். செல்கள் டிஎன்ஏவை இரட்டிப்பாக்குவதற்கு முந்தைய கட்டத்தில் தேங்கி நிற்கும். ஆறாம் நாள் எண்ணிப் பார்த்தால், அமிலம் பட்ட தட்டில் செல்கள் குறைவாக இருக்கும். கூண்டோடு சாவதில்லை, பக்கத்துத் தட்டு நிரம்பியிருக்க, இது பாதியில் நிற்கும். ‘வைட்டமின் புற்றுநோய் செல்லைக் கொன்றது’ என்ற தலைப்புக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இந்த அரைகுறைத் தட்டுதான்.

இதில் எந்த மரபணு நேரடியாகத் திறந்தது, எது அதன் தொடர்ச்சியாகத் திறந்தது? இதைக் கண்டுபிடிக்க ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. சைக்ளோஹெக்சிமைடு என்ற மருந்தைப் போட்டுப் புதுப் புரதம் உண்டாவதையே நிறுத்திவிடுவார்கள். அப்புறம் ரெட்டினாயிக் அமிலம் சேர்ப்பார்கள். அப்போதும் ஆர்என்ஏ ஏறுகிற மரபணு நேரடி இலக்கு. ஏறாமல் போனது, இடையில் வேறொரு புரதம் உண்டானால்தான் திறக்கும் மரபணு. ‘ஆயிரக்கணக்கான மரபணுக்கள் மாறின’ என்று ஓர் ஆய்வு சொன்னால், அதில் கணிசமான பங்கு இந்த இரண்டாம் சுற்றில் மாறியவை என்று எடுத்துக்கொள்ளலாம். செல் பிரிவது நின்றாலே, பிரிவதற்குத் தேவைப்படும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் தாமாக அடங்கிவிடும். அவற்றையெல்லாம் வைட்டமின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

ஈஸ்ட்ரோஜனோடு ஒரு மல்லுக்கட்டு

மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பான்மை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவை. ஈஸ்ட்ரோஜன்தான் அவற்றை வளரச் சொல்கிறது. இங்கே ஒரு விசித்திரம்: ஆர்ஏஆர் ஆல்ஃபா மரபணுவைத் தூண்டுவதும் அதே ஈஸ்ட்ரோஜன்தான். வளர்ச்சிக் கட்டளை கொடுக்கும் ஹார்மோன், அந்தக் கட்டளையைக் கட்டுப்படுத்தக்கூடிய ஏற்பியையும் சேர்த்தே உண்டாக்குகிறது.

2009-இல் எம்சிஎஃப்-7 செல்களின் மொத்த டிஎன்ஏவிலும் ரெட்டினாயிக் அமில ஏற்பிகள் எங்கெங்கே உட்காருகின்றன என்று ஒரு குழு வரைபடம் எடுத்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உட்காரும் இடங்களோடு அவை பெருமளவில் ஒன்றிப்போயின. ஈஸ்ட்ரோஜன் ஏற்றிவிடும் பல மரபணுக்களை ரெட்டினாயிக் அமிலம் இறக்கியது; அது இறக்குவதை இது ஏற்றியது. ஆக, வளர்ச்சி நிற்பது ஏதோ ஒரு தனி மரபணுவின் திருவிளையாடல் அல்ல, ஒரே மேடைக்கு இரண்டு கட்சிகள் போட்டி போடுவதன் விளைவு என்ற படம் கிடைத்தது. அடுத்த ஆண்டே வந்த இன்னோர் ஆய்வு, ஆர்ஏஆர் ஆல்ஃபா ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்குக் கூட்டாளியாகவும் நின்று வேலை செய்கிறது என்று காட்டியது. அமிலம் இருக்கும்போது எதிரி, இல்லாதபோது உதவியாளர் என்று இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். எதிரி, நண்பன் என்ற சொற்களைச் செல்லுக்குள் நாம்தான் கொண்டுபோகிறோம்.

சில செல்கள் ஏன் காதில் வாங்குவதில்லை

எம்டிஏ-எம்பி-231 என்ற இன்னொரு மார்பகப் புற்றுநோய் செல் வகையை எடுத்து, அதே அமிலத்தை அதே செறிவில் ஊற்றினால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. செல்கள் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகும். காரணங்கள் பல.

1. ஏற்பியே குறைவு. இந்தச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை. அதனால் அது தூண்டவேண்டிய ஆர்ஏஆர் ஆல்ஃபாவும் குறைவாகவே இருக்கிறது. செய்தி வந்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

2. ஆர்ஏஆர் பீட்டா பூட்டப்பட்டிருப்பது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சாதாரண பால் சுரப்பிச் செல்லில் ஆர்ஏஆர் பீட்டா மரபணு திறந்திருக்கும். அதன் தொடக்கப் பகுதியிலேயே அந்த ஆறெழுத்து அடையாளம் இருப்பதால், ரெட்டினாயிக் அமிலம் வந்தால் பீட்டா ஏற்பி இன்னும் கூடும்; ஏற்பி கூடினால் செய்தி இன்னும் பலமாகக் கேட்கும். பல மார்பகப் புற்றுநோய்களில் இந்தத் தொடக்கப் பகுதியின் மேல் மெத்தில் பூட்டு விழுந்திருக்கிறது. வளர்ச்சியை அடக்கும் சுழற்சியே துண்டாகிவிடுகிறது. இது ஹிஸ்டோன் சுற்று மாதிரி அமிலம் வந்ததும் தளர்கிற விஷயமில்லை. எவ்வளவு ஊற்றினாலும் பூட்டு திறக்காது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஆய்வாளர்கள் மெத்தில் நீக்கும் மருந்து ஒன்றையும் ரெட்டினாயிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஊமையாக இருந்த ஆர்ஏஆர் பீட்டா மறுபடி பேசத் தொடங்கியது. மரபணு தொலைந்து போகவில்லை, பூட்டித்தான் கிடந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

3. தவறான வண்டியில் ஏறுவது. ரெட்டினாயிக் அமிலம் தண்ணீரில் கரையாது. செல்லுக்குள் அதைச் சுமந்துபோக புரதங்கள் தேவை. சிஆர்ஏபிபி2 என்ற சுமப்பான் ஏற்றிக்கொண்டால் ஆர்ஏஆரிடம் கொண்டுபோய் இறக்கும், வளர்ச்சி நிற்கும். எஃப்ஏபிபி5 என்ற இன்னொரு சுமப்பான் ஏற்றிக்கொண்டால், பிபிஏஆர் என்ற வேறு ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றிடம் போகும். அது செல்லைப் பிழைக்கவைக்கும் மரபணுக்களைத் திறக்கும். ஒரே வைட்டமின், இரண்டு எதிரெதிர் விளைவு. நோவா நோய் (Noa Noy) என்ற உயிர்வேதியியலாளரின் குழு 2007-இல் வைத்த விளக்கம் இது. ரெட்டினாயிக் அமிலம் அந்த இரண்டாவது ஏற்பியில் உண்மையிலேயே பொருந்துகிறதா என்பதில் எல்லா ஆய்வகங்களும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும், ‘நல்லது’ என்று பெயர் வாங்கிய ஒரு சத்து சில செல்களில் வளர்ச்சிக்கே துணை போகலாம் என்ற கேள்வியை எழுப்பியதே இதன் பெரிய பயன்.

4. செய்வதும் சிதைப்பதும். சில புற்றுநோய் செல்களில் ரெட்டினாலைப் பிடித்து வைக்கும் நொதி குறைவு. சிலவற்றில் சிதைக்கும் சிஒய்பி26 அதிகம்.

இந்தப் பட்டியலிலிருந்து கிடைக்கும் விஷயம் ஒன்று உண்டு. ‘வைட்டமின் ஏ மார்பகப் புற்றுநோய்க்கு நல்லதா?’ என்ற கேள்வி அப்படியே பதில் சொல்ல முடியாத கேள்வி. எந்தச் செல், அதில் எந்த ஏற்பி, எந்தச் சுமப்பான் என்று தெரியாமல் பதில் கிடையாது.

ஓர் இடத்தில் பலித்த கதை

ரெட்டினாயிக் அமிலம் புற்றுநோய் மருந்தாக ஜெயித்த இடம் மார்பகம் அல்ல, இரத்தம். அக்யூட் புரோமயலோசைட்டிக் லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோயில் 15-ஆம், 17-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதனால் ஆர்ஏஆர் ஆல்ஃபா, பிஎம்எல் என்ற வேறொரு புரதத்தோடு ஒட்டிப் பிறக்கிறது. ஒட்டுப்போட்ட இந்த ஏற்பி, உடம்பில் இயல்பாக இருக்கும் அளவு அமிலத்துக்கு அசைவதில்லை. அடக்கும் புரதங்களை விடாமல் பிடித்துக்கொள்கிறது. வெள்ளணுக்கள் முதிராமல் பாதியிலேயே நின்று பெருகுகின்றன.

ஷாங்காய் மருத்துவர் வாங் ஜென்-யி குழு இந்த நோயாளிகளுக்கு ரெட்டினாயிக் அமிலத்தை மருந்தளவில் கொடுத்தது. 1988-இல் வெளியான அவர்கள் அறிக்கையில் 24 பேரில் 23 பேருக்கு இந்த ஒரு மருந்திலேயே நோய் அடங்கியது. மீதி ஒருவருக்குச் சிறிது கீமோதெரபி சேர்த்தபின் அடங்கியது. செல்கள் முதிர்ந்து, தம் ஆயுள் முடிந்து போயின. இன்று ஆர்சனிக் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும்போது பெரும்பாலானவர்கள் முழுமையாகக் குணமாகிறார்கள்.

அங்கே பலித்தது மார்பகத்தில் ஏன் பலிக்கவில்லை? அந்த லுகேமியாவில் நோயின் காரணமே கெட்டுப்போன ஆர்ஏஆர்தான்; சாவி நேராக அந்தப் பூட்டுக்கே பொருந்தியது. மார்பகப் புற்றுநோய் என்பது பல நோய்களுக்கு வைத்த ஒரு பெயர். அவற்றைக் கிளப்பிவிடுவது ஈஸ்ட்ரோஜன், செல்லின் மேற்பரப்பிலிருந்து வளரச் சொல்லும் ஹெர்2 என்ற புரதம் என்று வேறு வேறு. ரெட்டினாயிக் அமிலம் அங்கே ஓரத்தில் நின்று பேசும் குரல்களில் ஒன்று.

எண்களை வைத்துப் பார்த்தால்

இப்போது அந்த 1 மைக்ரோமோலாருக்கு வருவோம்.

நல்ல ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்தில் ரெட்டினால் 1 முதல் 2 மைக்ரோமோலார் வரை இருக்கும். ஆனால் ரெட்டினாயிக் அமிலம் சில நானோமோலார்தான் (ஆயிரம் நானோமோலார் சேர்ந்தால் ஒரு மைக்ரோமோலார்). 5 நானோமோலார் என்று வைத்தால்கூட, சோதனைத் தட்டில் ஊற்றியது அதைப்போல 200 மடங்கு. சாப்பாட்டின் மூலம் இதை எட்டலாமா என்றால், கல்லீரல் விடாது. மீறி ஏறினாலும் சிஒய்பி26 சும்மா விடாது.

மருந்தாகக் கொடுத்தால் எட்டலாம். லுகேமியாவுக்கு ஒரு நாளைக்கு உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 1.6 சதுர மீட்டர் பரப்புள்ளவருக்கு 72 மில்லிகிராம். வயது வந்த பெண்ணுக்குப் பரிந்துரைக்கப்படும் வைட்டமின் ஏ ஒரு நாளைக்கு 0.7 மில்லிகிராம், அதிலும் அமிலமாக மாறுவது சிறு பங்குதான். வித்தியாசம் நூறு மடங்குக்கும் மேல். அவ்வளவு கொடுத்தும் இரத்தத்தில் 1 மைக்ரோமோலார் என்பது சில மணி நேரமே நிற்கும். தினமும் தொடர்ந்து கொடுத்தால், சிதைக்கும் நொதி பெருகுவதால், அதே அளவு மருந்துக்கு இரத்தத்தில் கிடைப்பது நாளாக ஆகச் சரிந்துவிடும். தட்டில் உள்ள செல்லோ நாள்கணக்கில் அதிலேயே மூழ்கிக் கிடக்கிறது.

சரி, ரெட்டினாலையே கூடுதலாக விழுங்கினால்? தயார் நிலை வைட்டமின் ஏ-க்குப் பெரியவர்களுக்கான உச்சவரம்பு ஒரு நாளைக்கு 3 மில்லிகிராம். தேவைக்கும் வரம்புக்கும் நடுவே நான்கு மடங்கு இடம்தான் இருக்கிறது. வரம்பைத் தொடர்ந்து தாண்டினால் கல்லீரல் கெடும். கர்ப்பத்தின்போது தாண்டினால் சிசுவின் முகம், இதயம், மூளை உருவாவதில் கோளாறு வரலாம். முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்குத் தரவே கூடாது என்று கடும் விதி இருப்பதும் இதனால்தான். அதுவும் ரெட்டினாயிக் அமிலத்தின் இன்னொரு வடிவம். சிசுவில் எந்த மரபணு எங்கே, எப்போது திறக்க வேண்டும் என்று சொல்லும் செய்திகளில் இதுவும் ஒன்று. தவறான நேரத்தில் உரக்கக் கேட்டால் உருவமே குலைகிறது.

மனிதர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது

மார்பகப் புற்றுநோயில் நடந்த பெரிய சோதனை இத்தாலியில், உம்பெர்த்தோ வெரோனேசி தலைமையில் நடந்தது. வைட்டமின் ஏ-யின் செயற்கை உறவான ஃபென்ரெட்டினைடு என்ற மருந்து, ஒரு மார்பில் புற்றுநோய் வந்து சிகிச்சை முடிந்த பெண்களுக்குத் தரப்பட்டது. மறு மார்பில் வராமல் தடுக்குமா என்பது கேள்வி. 2,972 பெண்கள், தினம் 200 மில்லிகிராம், ஐந்து ஆண்டுகள். 1999-இல் வந்த முடிவில், மொத்தமாகப் பார்த்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மாதவிடாய் நிற்காத பெண்களில் மட்டும் ஓரளவு பலன் இருப்பது போலத் தெரிந்தது. மருந்து இரத்த ரெட்டினாலைக் குறைத்ததால், இருட்டுக்குக் கண் பழக நேரமாகிறது என்று சிலர் சொன்னார்கள். வைட்டமின் ஏ-யின் உறவுக்காரர், வைட்டமின் ஏ குறைந்தால் வரும் தொல்லையையே கொண்டுவந்தார்.

பீட்டா கரோட்டின் கதை இதைவிட மோசம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வில், தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது என்று 1994-இல் தெரிந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினும் ரெட்டினாலும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு, 28 சதவீதம் கூடுதல் என்று தெரிந்ததும் 1996 ஜனவரியில் பாதியில் நிறுத்தப்பட்டது.

இது நுரையீரல், மார்பகம் இல்லைதான். ஆனாலும் பின்னணியில் உள்ள காரணம் நம் விஷயத்தைத் தொடுகிறது. 1999-இல் ஃபெரெட் என்ற சிறு விலங்குகளுக்கு அதிக அளவு பீட்டா கரோட்டின் கொடுத்து, சிகரெட் புகையையும் காட்டிச் சோதித்தார்கள். நுரையீரலில் ரெட்டினாயிக் அமிலம் கூடும் என்றுதானே எதிர்பார்ப்போம்? குறைந்தது. ஆர்ஏஆர் பீட்டாவும் குறைந்தது. செல் பெருக்கத்தைத் தூண்டும் மரபணுக்கள் ஏறின. பீட்டா கரோட்டின் புகையில் சிதைந்து உண்டான துண்டுகள், ரெட்டினாயிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதிகளைக் கிளப்பிவிட்டன என்பது அதற்குத் தரப்பட்ட விளக்கம். கச்சாப்பொருளைக் கொட்டக் கொட்ட, செய்தி மெலிந்துபோனது.

வைட்டமின் டி-யிலும் இதே இடைவெளிதான். ஆய்வகத் தட்டில் அதுவும் மார்பகப் புற்றுநோய் செல்களை அடக்கும். 25,871 பேருக்குத் தினம் 2,000 யூனிட்டோ போலி மாத்திரையோ கொடுத்த அமெரிக்க ஆய்வு 2018-இல் முடிவு சொன்னபோது, புற்றுநோய் வரும் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இப்போது ஆய்வு நிற்கும் இடம்

இதெல்லாம் தெரிந்த பிறகும் ஆய்வாளர்கள் ரெட்டினாயிக் அமிலத்தைக் கைவிடவில்லை. கேள்வியை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். எல்லோருக்கும் கொடுக்கலாமா என்பதை விட்டுவிட்டு, எந்தக் கட்டி இதற்குச் செவி சாய்க்கும் என்று தேடுகிறார்கள்.

சிஒய்பி26-ஐ முடக்கும் மருந்துகள், மெத்தில் பூட்டைக் கழற்றும் மருந்துகள், ஹிஸ்டோன் சுற்றைத் தளர்த்தும் மருந்துகள் ஆகியவற்றோடு சேர்த்துச் சோதிப்பது ஒரு பாதை. இன்னொரு பாதை குரோமோசோமிலேயே இருக்கிறது. 17-ஆம் குரோமோசோமில் ஹெர்2 மரபணுவும் ஆர்ஏஆர் ஆல்ஃபா மரபணுவும் அக்கம்பக்கத்து வீடுகள். சில ஹெர்2 வகைக் கட்டிகளில் ஹெர்2 மரபணு பல நகல்களாகப் பெருகும்போது, பக்கத்தில் இருந்த பாவத்துக்கு ஆர்ஏஆர் ஆல்ஃபாவும் சேர்ந்து பெருகிவிடுகிறது. அப்படி ஏற்பி நிறைந்த செல்கள், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாமலே, ரெட்டினாயிக் அமிலத்துக்கு நன்றாகப் பணிகின்றன. ஹெர்2-ஐத் தடுக்கும் மருந்தோடு சேர்த்தால் இன்னும் நன்றாக. இதுவும் இப்போதைக்கு ஆய்வகத்துச் செல்களில் பார்த்ததுதான். நோயாளிகளிடம் சோதிப்பதானால், முதல் வேலை கட்டியிலிருந்து எடுத்த திசுவில் ஆர்ஏஆர் ஆல்ஃபா எத்தனை நகல் என்று எண்ணுவதாக இருக்கும்; ஹெர்2 நகல்களை எண்ணுவதற்கு மருத்துவமனைகளில் இன்றே இருக்கும் அதே ஒளிரும் குறியீட்டு முறையில் அதையும் எண்ணிவிடலாம்.